பிரீமியர் புரோ திறக்கவே மாட்டேன் என்கிறதா? ஃபார்மேட் அடிக்கும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் அண்ணே. மேலூரில் கல்யாணம், காதுகுத்து, பூப்புனித விழா எல்லாம் வீடியோ எடுத்து நானே எடிட் செய்து கொடுக்கிறேன். பிரீமியர் புரோவைத் திறந்தால் முகப்புப் படம் வருகிறது, கீழே சின்ன எழுத்தில் ஏதேதோ ஓடுகிறது, அப்படியே நின்றுவிடுகிறது. சில தடவை ஒன்றுமே சொல்லாமல் மறைந்துவிடுகிறது. போன வாரம் கரண்ட் போய் மெஷின் பட்டென்று அணைந்தது, அதிலிருந்துதான் இப்படி. இரண்டு தரம் அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போட்டும் அதே கதை. ஐ5 12400, 32 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 3060, விண்டோஸ் 11. சி டிரைவ் 256 ஜிபி எஸ்எஸ்டி, அது சிவப்பில் நிற்கிறது. மதுரையில் காட்டினேன், ஃபார்மேட் அடித்தால்தான் சரியாகும் என்கிறார்கள். ஆவணி முகூர்த்த வேலை இரண்டு பாதியில் கிடக்கிறது. அடித்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம், தம்பி. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை அது. நீங்கள் சொன்ன இரண்டு விஷயங்களே போதுமான துப்பு: கரண்ட் போன பிறகு வந்த கோளாறு, சிவப்பில் நிற்கும் சி டிரைவ்.

இரண்டு தரம் மறுபடி போட்டும் ஏன் சரியாகவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்இன்ஸ்டால் செய்யும்போது கிரியேட்டிவ் கிளவுட் (பிரீமியரைத் தயாரிக்கும் அடோபியின், மென்பொருள்களைப் போடவும் நீக்கவும் உதவும் செயலி) ஒரு கேள்வி கேட்கும்: செட்டிங்ஸை வைத்துக்கொள்ளவா, நீக்கவா என்று. பெரும்பாலும் எல்லோரும் வைத்துக்கொள் என்றுதான் அழுத்துவோம். அப்படி அழுத்தினால் புரோகிராம் மட்டும் போகும். செட்டிங்ஸ் கோப்பு, கேஷ் (வேகத்துக்காக பிரீமியர் எழுதி வைக்கும் தற்காலிகக் கோப்புகள்), பிளக்-இன் (பிரீமியரோடு சேர்த்துப் போடும் துணை மென்பொருள்) எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். கரண்ட் போன நொடியில் பாதி எழுதப்பட்டுக் கெட்டுப்போன கோப்பு அவற்றில் ஒன்று என்றால், புதிதாகப் போட்ட பிரீமியரும் அதே கோப்பைப் படித்து அதே இடத்தில்தான் நிற்கும்.

வேலையைத் தொடங்கும் முன் மெஷினை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் கொடுத்து மறுபடி ஆன் செய்வது விண்டோஸ் 11இல் முழு ரீஸ்டார்ட் ஆகாது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் பழைய நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்ளும். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பின்னணியில் பிரீமியர் ஏற்கெனவே ஓடுகிறதா பாருங்கள். முதல் தடவை தொங்கியது உள்ளே கிடந்தால் இரண்டாவதாகத் திறப்பது எழும்பாது. இருந்தால் எண்ட் டாஸ்க் கொடுங்கள். இன்னொன்று, புராஜெக்ட் கோப்பை டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். ஸ்டார்ட் மெனுவிலிருந்து வெறும் பிரீமியரை மட்டும் திறந்து பாருங்கள். அது திறந்துவிட்டால் கோளாறு புராஜெக்டில் இருக்கிறது, மென்பொருளில் இல்லை. அதற்கான வழி கடைசியில்.

அடுத்தது சி டிரைவ். காலி இடம் பத்து சதவீதத்துக்குக் கீழே போனால்தான் விண்டோஸ் சிவப்புக் காட்டும். 256 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸில் சுமார் 238 ஜிபியாகத்தான் தெரியும். ஆக உங்களிடம் 24 ஜிபிக்கும் குறைவாகவே இருக்கிறது. இடத்தைத் தின்றது பெரும்பாலும் பிரீமியரேதான். ஏஏசி ஒலியோடு வரும் எம்பி4 கிளிப்பை உள்ளே இழுத்தால், அதன் ஒலியை 32 பிட்டுக்கு விரித்து மீடியா கேஷில் ஒரு தனிப் பிரதி எழுதிக்கொள்ளும். ஸ்டீரியோ, 48,000 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1.4 ஜிபி. மூன்று கேமராவில் ஆளுக்கு ஆறு மணி நேரம் ஓடிய ஒரு கல்யாணத்துக்கு இதுவே 25 ஜிபி. அந்தக் கேஷ் நீங்கள் இடம் மாற்றாதவரை சி டிரைவில்தான் உட்காரும்.

அதைக் காலி செய்ய பிரீமியர் திறக்க வேண்டியதில்லை. விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் கட்டத்தில் ஆப்டேட்டா என்ற சொல்லை ஆங்கிலத்தில், இரண்டு பக்கமும் சதவீதக் குறி போட்டு, இடைவெளி இல்லாமல் தட்டி என்டர் கொடுங்கள். திறக்கும் ஃபோல்டரில் அடோபி, அதற்குள் காமன். அங்கே மீடியா கேஷ், மீடியா கேஷ் ஃபைல்ஸ் என்று இரண்டு ஃபோல்டர்கள் இருக்கும். இரண்டிலும் உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிடலாம். உங்கள் வீடியோவுக்கோ புராஜெக்டுக்கோ ஒன்றும் ஆகாது. புராஜெக்டை அடுத்த முறை திறக்கும்போது கேஷ் புதிதாக உருவாகும், அன்று கொஞ்சம் மெதுவாக இருக்கும், அவ்வளவுதான். இன்னும் இடம் வேண்டுமென்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் போங்கள். ஆனால் அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்று ஒன்று இருக்கும், அதில் டிக் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிரோன்காரர் அனுப்பிய கிளிப் நம்மில் பலருக்கு அங்கேதான் கிடக்கும். குறைந்தது 40 ஜிபி காலி ஆகும்வரை மேற்கொண்டு எதையும் சோதிக்காதீர்கள். இடமில்லாத டிரைவில் செய்யும் எந்தச் சோதனையும் பொய்யான விடையைத்தான் கொடுக்கும்.

இடம் வந்ததும் ஒரு தடவை திறந்து பாருங்கள். நின்றால், எந்த வரியில் நிற்கிறது என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சின்ன எழுத்து சும்மா ஓடவில்லை. எந்தப் பகுதியை ஏற்றிக்கொண்டிருக்கிறது என்று பெயர் சொல்லிக்கொண்டே போகிறது. ஒலி சம்பந்தமான பெயரிலோ விஎஸ்டி (ஒலிக்கான ஒரு வகை பிளக்-இன்) என்ற இடத்திலோ நின்றால் ஆடியோ சாதனத்தையும் ஒலி பிளக்-இன்களையும் சந்தேகப்படலாம். வெளியே செருகிய யுஎஸ்பி மைக், மிக்சர், புளூடூத் ஹெட்செட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு முறை திறந்து பாருங்கள். நீங்கள் வாங்கிப் போட்ட எஃபெக்ட் பேக்கின் பெயரில் நின்றால் அதைச் சந்தேகப்படலாம். ஒரு எச்சரிக்கை: திரையில் தெரியும் பெயர்தான் குற்றவாளி என்று அடித்துச் சொல்ல முடியாது. அது ஏறி முடிந்து, பெயர் மாறும் முன் அடுத்தது மாட்டியிருக்கவும் கூடும். ஆகவே அது சாட்சி மட்டும்தான்.

நிற்காமல் மறைந்துவிடும் தடவைகளுக்கு இன்னும் நல்ல சாட்சி இருக்கிறது. சர்வீஸ் கடைகளில் இதைப் பார்க்காமலேயே ஃபார்மேட் சொல்வதுதான் எனக்குக் குறை. ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறங்கள். இடது பக்கம் விண்டோஸ் லாக்ஸ், அதில் அப்ளிகேஷன். பிரீமியர் மறைந்த நேரத்துக்கு நேராகச் சிவப்புக் குறியோடு எரர் என்று ஒரு வரி இருக்கும், ஈவென்ட் ஐடி 1000. அதை அழுத்தினால் கீழே விவரம் வரும். அதில் இரண்டு வரி போதும்: ஃபால்டிங் மாட்யூல் நேம் (எந்தக் கோப்பில் கோளாறு நடந்தது), எக்ஸெப்ஷன் கோட் (அது என்ன வகைக் கோளாறு என்ற குறியீடு).

மாட்யூல் பெயர் ஆங்கில என், வி என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கினால் பெரும்பாலும் என்விடியா டிரைவர். ஐ, ஜி என்று தொடங்கினால் இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவர். எம்எஸ்விசிபி140 என்றிருந்தால் மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ தொகுப்பு சிதைந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே அதன் 64 பிட் பதிப்பை இறக்கி ரிப்பேர் கொடுத்தால் முடிந்தது. என்டிடிஎல்எல், கெர்னல்பேஸ் என்று வந்தால் அதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது. எந்தக் கோளாறும் கடைசியில் அங்கே வந்துதான் விழும். எக்ஸெப்ஷன் கோடில் சி0000005 என்பது தனக்கில்லாத மெமரியைத் தொட்டதால் விண்டோஸ் வெளியே தள்ளியது என்று பொருள். கெட்ட செட்டிங்ஸ், கெட்ட பிளக்-இன், கெட்ட டிரைவர் எதுவும் இதைக் கொடுக்கும். சி000001டி என்று வந்தால் கதையே வேறு: இந்த புராசஸருக்குத் தெரியாத கட்டளையை மென்பொருள் கொடுத்திருக்கிறது. உங்கள் 12ஆம் தலைமுறைக்கு இது வர வாய்ப்பில்லை. பழைய ஐ7 3770 வைத்துக்கொண்டு புதிய பதிப்பைப் போட்டவர்களுக்கு வரும். ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி இன்டெல்லில் 2013இல் 4ஆம் தலைமுறையோடுதான் வந்தது. இப்போதைய பிரீமியருக்கு அடோபி கேட்பதோ குறைந்தது 6ஆம் தலைமுறை. அங்கே ஃபார்மேட் அடித்தும் பயனில்லை, பழைய பதிப்புக்குப் போக வேண்டும், அல்லது மெஷினை மாற்ற வேண்டும்.

இதே லாகில் மூன்று நான்கு தடவைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே மாட்யூல் என்றால் மென்பொருள் பக்கம். தடவைக்கு ஒரு பெயர் என்றால் ரேமையோ எஸ்எஸ்டியையோ பாருங்கள். ரேமுக்கு விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடினால் வரும், ரீஸ்டார்ட் ஆகித் தானே சோதிக்கும். எஸ்எஸ்டிக்கு, அதே ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷனுக்குப் பதில் சிஸ்டம் என்பதில் பாருங்கள். டிஸ்க் என்ற பெயரில் ஐடி 7, அல்லது என்டிஎஃப்எஸ் என்ற பெயரில் ஐடி 55 தெரிந்தால் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு முதலில் புராஜெக்டுகளை வேறு டிஸ்கில் காப்பி செய்யுங்கள். மற்றதெல்லாம் பிறகு. (13, 14ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப்பில் ஐ7, ஐ9 வைத்திருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த புராசஸர்களில் சிலவற்றுக்கு நாளாக ஆக நிலை தடுமாறும் கோளாறு உண்டு என்று 2024இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த 0எக்ஸ்12பி என்ற மைக்ரோகோடோ (புராசஸருக்கான திருத்தம்) அதற்குப் பிந்தியதோ உங்கள் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில் இருக்க வேண்டும். வாரன்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்திருக்கிறார்கள்.)

இப்போது செட்டிங்ஸ். உங்கள் விஷயத்தில் எனக்கு அதிக சந்தேகம் இதன் மேல்தான். பிரீமியர் ஐகானை அழுத்திய கையோடு ஆல்ட் விசையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டம் ஒன்று வரும்வரை விடாதீர்கள். புதிய பதிப்புகளில் செட்டிங்ஸ், பிளக்-இன் கேஷ், மீடியா கேஷ் என்று தனித்தனியாகக் கேட்கும். முதல் இரண்டையும் டிக் செய்து தொடருங்கள். பழைய பதிப்பு என்றால் ஷிஃப்டையும் ஆல்ட்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

அந்தக் கட்டமே வராமல் நின்றுவிட்டால் கையால் செய்யலாம். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் அடோபி, அதற்குள் பிரீமியர் புரோ, அதற்குள் பதிப்பு எண் போட்ட ஃபோல்டர். அதில் புரொஃபைல் என்று தொடங்கி உங்கள் விண்டோஸ் பெயரோடு ஒரு ஃபோல்டர் இருக்கும். அழிக்காதீர்கள், பெயரை மாற்றுங்கள், கடைசியில் ஓல்ட் என்று சேர்த்தால் போதும். பிரீமியர் திறக்கும்போது பழையதைக் காணாமல் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். திறந்துவிட்டால், பழைய ஃபோல்டரிலிருந்து இரண்டை மட்டும் மீட்கலாம்: வின் என்ற உள் ஃபோல்டரில் கேஒய்எஸ் என்று முடியும் கோப்பு உங்கள் கீபோர்டு ஷார்ட்கட், எஃபெக்ட் பிரீசெட்ஸ் என்று தொடங்கும் கோப்பு நீங்கள் சேமித்த பிரீசெட்டுகள். பிரீமியரை மூடிவிட்டு இவற்றைப் புதிய ஃபோல்டரில் அதே இடத்தில் போடுங்கள். பிரெஃப்ஸ் என்று முடியும் கோப்பை மட்டும் தொடவே வேண்டாம், கெட்டிருக்கக்கூடியது அதுதான். இந்த மாற்றத்தால் பலன் இல்லையென்றால் புதிதாக உருவானதை நீக்கிவிட்டு ஓல்டை எடுத்துப் பழைய பெயரையே வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். நாலு மாற்றத்தை ஒரே மூச்சில் செய்து திறந்துவிட்டால், அடுத்த முறை எது காரணம் என்று தெரியாமல் மறுபடி நாலையும் செய்ய வேண்டியிருக்கும்.

டாக்குமென்ட்ஸில் அந்த ஃபோல்டரே இல்லையென்றால் ஒன்டிரைவ் அதைத் தன் பக்கம் இழுத்திருக்கும், ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும் டாக்குமென்ட்ஸில் தேடுங்கள். ஒன்டிரைவ் சின்னத்தை அழுத்தி சின்க்கைச் சில மணி நேரம் நிறுத்திவிட்டுத் திறந்து பார்ப்பதும் நல்லது. விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்புக்குள் ரான்சம்வேர் புரொடெக்‌ஷன் என்று ஒன்று உண்டு. அதில் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் ஆன் ஆகியிருந்தால் டாக்குமென்ட்ஸில் பிரீமியர் எழுதுவதையே அது தடுக்கும். அனுமதிப் பட்டியலில் பிரீமியரைச் சேர்த்துவிடுங்கள்.

பிளக்-இன் பக்கம் போவோம். சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ், அடோபி, காமன், பிளக்-இன்ஸ், 7.0, மீடியாகோர். வெளியிலிருந்து வாங்கிப் போட்ட நீட் வீடியோ, சஃபையர் போன்றவை பெரும்பாலும் இங்கேதான் உட்காரும். உள்ளே இருப்பதை எல்லாம் டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால் பாதியைத் திருப்பிப் போடுங்கள். மறுபடி நின்றால் கோளாறு அந்தப் பாதியில், அதையும் பாதியாக்குங்கள். பத்துப் பதினைந்து பிளக்-இன் இருந்தாலும் நாலு தடவையில் ஆள் சிக்கிவிடும். ஆனால் பிரீமியர் புரோ என்ற பெயரிலேயே உள்ள ஃபோல்டருக்குள் இருக்கும் பிளக்-இன்கள் அதன் சொந்தச் சரக்கு, அவற்றில் கை வைக்காதீர்கள்.

கிராஃபிக்ஸ் டிரைவருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. என்விடியா தளத்தில் 3060க்கு இரண்டு வகை டிரைவர் கிடைக்கும், கேம் ரெடி, ஸ்டூடியோ என்று. எடிட்டிங் மெஷினுக்கு ஸ்டூடியோ. போடும்போது கஸ்டம் தேர்ந்தெடுத்து, கிளீன் இன்ஸ்டலேஷன் என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். கோளாறு டிரைவர் அப்டேட் ஆன மறுநாளே தொடங்கியது என்றால் டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக் கொடுத்தாலே போதும். ஜிடி 710 மாதிரி கெப்ளர் என்ற பழைய தலைமுறைக் கார்டு வைத்திருப்பவர்கள் ஏமாற வேண்டாம்: அந்தக் கார்டுகளுக்கு என்விடியாவின் டிரைவர் 470 வரிசையோடு நின்றுவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் திறக்கவில்லையா? ஃபார்மேட்டுக்கு முன் செய்ய வேண்டிய கடைசிச் சோதனை இது, இதற்குப் பத்து நிமிடம் போதும். செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய் புதிதாக ஒரு விண்டோஸ் யூசரை உருவாக்குங்கள். பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். தமிழில் பெயர் வைத்தால் சில பிளக்-இன்கள் ஃபோல்டர் பாதையைப் படிக்கத் திணறும். அந்த யூசரில் நுழைந்து பிரீமியரைத் திறங்கள், அடோபி லாகின் மறுபடி கேட்கும். அங்கே திறந்தால் விண்டோஸும் மெஷினும் நன்றாக இருக்கின்றன, உங்கள் பழைய யூசர் மட்டும்தான் கெட்டிருக்கிறது. ஆவணி வேலையைப் புதிய யூசரிலேயே முடித்துக் கொடுத்துவிடலாம். அங்கேயும் திறக்காவிட்டால்தான் விண்டோஸைப் பற்றி யோசிக்க வேண்டும்.

உங்கள் பிரதி சந்தாவில் ஓடுகிறதா, யாரோ பென்டிரைவில் போட்டுக் கொடுத்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டாவது என்றால் மேலே சொன்ன எதுவும் நிலைக்காது. லைசென்ஸைத் தாண்டுவதற்காகத் திருத்திய கோப்பை விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் எடுத்துக் குவாரன்டீனில் போட்டிருக்கும், நாளைக்கும் போடும். அதற்காக ஆன்டிவைரஸை அணைத்து வைப்பது வாடிக்கையாளரின் படங்களையும் சேர்த்துப் பணயம் வைப்பது. அந்த நிலையில் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே மேல். 3840க்கு 2160, நொடிக்கு 60 ஃபிரேம் வரை வாட்டர்மார்க் இல்லாமல் எக்ஸ்போர்ட் தரும். உங்கள் 12 ஜிபி 3060 கார்டு அதற்குத் தாராளம், 8 ஜிபி கார்டாக இருந்தாலும் கல்யாண வேலைக்குப் போதும்.

சந்தாவில் ஓடுகிறது, ஆனால் லாகினே ஏறவில்லை என்றால் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். கரண்ட் போய் வந்த பிறகு தேதி பழைய ஆண்டுக்கு ஓடியிருந்தால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்திருக்கிறது. எலக்ட்ரிக்கல் கடையிலேயே கிடைக்கும், மாற்றிவிட்டுத் தேதியைச் சரிசெய்தால் லாகின் ஏறும்.

புராஜெக்ட் மட்டும் திறக்கவில்லை என்ற நிலைக்கு: புராஜெக்ட் இருக்கும் ஃபோல்டரிலேயே ஆட்டோ சேவ் என்ற ஃபோல்டர் இருக்கும். கரண்ட் போன நேரத்துக்கு முந்தைய பிரதியை எடுத்துப் பெயர் மாற்றித் திறங்கள். அதுவும் முரண்டு பிடித்தால் வெறுமையான புதிய புராஜெக்ட் ஒன்றைத் தொடங்கி, ஃபைல் மெனுவில் இம்போர்ட் கொடுத்துப் பழைய புராஜெக்டை உள்ளே இழுங்கள். நேரே திறக்காத பல புராஜெக்டுகள் இப்படி வந்துவிடும். நண்பரின் மெஷினில் திறக்க நினைத்தால் அங்கே உங்களுடைய பதிப்போ அதற்குப் புதியதோ இருக்க வேண்டும். புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது. உங்கள் மெஷினில் பழைய பதிப்புக்குத் திரும்புவதற்கும் இதே கணக்குதான்.

திறந்ததும் முதல் வேலையாக எடிட் மெனு, பிரெஃபரன்சஸ், மீடியா கேஷ் போய் இடத்தை டி டிரைவுக்கு மாற்றுங்கள். அடுத்த முறை கரண்ட் போனால் இப்படி ஆகாமலிருக்க யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள். அதில் 600 விஏ பெட்டி வேண்டாம், அதன் உண்மையான வாட்ஸ் 360 அளவில்தான் இருக்கும். 3060 கார்டு மட்டுமே முழு வேலையில் 170 வாட்ஸ் இழுக்கும். புராசஸர், மானிட்டர் சேர்ந்தால் சேவ் செய்துவிட்டு அணைக்கக்கூட நேரம் கிடைக்காது. 1 கேவிஏ வாங்குங்கள்.

ஃபார்மேட்தான் வழி என்று முடிவானால், டி டிரைவில் எல்லாம் இருக்கிறது என்று நம்பிக் கொடுத்துவிடாதீர்கள். டாக்குமென்ட்ஸுக்குள் உள்ள அடோபி ஃபோல்டர், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டர் நான்கையும் காப்பி செய்துகொள்ளுங்கள். ஃபான்ட்ஸை மறப்பவர்கள்தான் அதிகம். டைட்டிலில் மணமக்கள் பெயரைப் பாமினியில் அடித்திருந்தால், அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் பெயருக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக நிற்கும். எல்லாம் முடிந்த பிறகும் சிக்கல் என்றால், முகப்பு நின்ற வரியின் படம், மாட்யூல் பெயர், எக்ஸெப்ஷன் கோட், புதிய யூசரில் திறந்ததா இல்லையா, இந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள்.